கேட்டைத் தாண்டினாலும் அந்தப் பேரல் உங்கள் ஆலையுடையதுதான்

தொழிற்பேட்டை ஒன்றில், மருந்து இடைப்பொருள் தயாரிக்கும் சிறு ஆலையில் உற்பத்திப் பிரிவு வேதியியலாளராக வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், தயாரிக்கும் பொருள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய ஆலையில் மாதம் சுமார் பத்து பேரல், அதாவது 2,000 லிட்டர், பயன்படுத்திய சால்வென்ட் (கரைப்பான்) சேருகிறது. டொலுயீனில் வினை நடக்கிறது. பிறகு சென்ட்ரிஃபியூஜில், அதாவது சுழற்றி வடிகட்டும் இயந்திரத்தில், மெத்தனால் விட்டுக் கழுவுகிறார்கள். இரண்டும் ஒரே குழாய் வழியாக ஒரே தொட்டிக்குப் போகின்றன. இதைத் தவிர டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற இன்னொரு சால்வென்ட்) நிரம்பிய பேரல்கள் சில பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஆறு மாதத்துக்கு மேலாகக் கிடக்கின்றன. வியாபாரி ஒருவர் லாரியோடு வந்து பேரலுக்கு 4,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்து எடுத்துப்போகிறார். ரசீது கிடையாது. தின்னர் செய்பவர்களுக்குக் கொடுப்பதாகச் சொல்கிறார். கேட் பாஸில் ‘காலி பேரல்’ என்று எழுதி வாசகரைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். தயங்கினாராம். உடனே முதலாளி, “அப்படின்னா நாமே காய்ச்சி எடுத்துக்கலாம்” என்று லேத் பட்டறையில் 200 லிட்டர் கொள்ளளவில் ஓர் அண்டாவும், உள்ளே மின்சாரக் காயிலும் செய்யச் சொல்லியிருக்கிறார்.

வாசகர் கேட்பவை இவை: மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும், டொலுயீன் 111இல் கொதிக்கும், நடுவில் 46 டிகிரி இருக்கிறதே, சுலபமாகப் பிரிந்துவிடாதா? நம் சால்வென்ட்டை நாமே திரும்ப எடுப்பதற்கு அனுமதி எதற்கு? விற்றுவிட்டால் அதன்பிறகு பொறுப்பு வாங்கியவருடையதுதானே? கையெழுத்து மறுத்தால் வேலை போய்விடுமோ? ஆறு மாதக் குழந்தை இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தயக்கம் சரியானது. பயன்படுத்திய சால்வென்ட்டை மீட்டு மறுபடி பயன்படுத்துவது நல்ல காரியம், நம் தொழிலில் இன்னும் பரவலாக நடக்க வேண்டிய காரியம். மருந்து மூலப்பொருள் தயாரிப்பில் உள்ளே போகும் பொருட்களின் எடையில், தண்ணீரைத் தவிர்த்துப் பார்த்தால், பெரும்பகுதி சால்வென்ட்தான். அதைத் திரும்ப எடுக்காமல் லாபமும் இல்லை, சுற்றுச்சூழலுக்கு நன்மையும் இல்லை. ஆனால் உங்கள் முதலாளி காட்டும் இரண்டு வழிகளுமே மீட்பு ஆகாது. ஒன்று குற்றத்தில் கொண்டுபோய் விடும், மற்றது தீயில் கொண்டுபோய் விடும்.

முதலில் அந்த வியாபாரியைப் பற்றிப் பேசிவிடலாம். இதில் எனக்குக் கொஞ்சமும் சமரசம் கிடையாது.

பேரலில் இருப்பது மெத்தனால்

2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாராயம் குடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் அது என்று காவல்துறை சொன்னது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் போனார்கள். மெத்தனால் 30 மில்லி உள்ளே போனாலே உயிர் போகலாம், அதற்கும் குறைவான அளவில் பார்வை போகலாம். உங்கள் பேரலில் ஜிசி (கலவையில் எது எவ்வளவு என்று காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபி சோதனை) அறிக்கைப்படி 40 சதவீதம் மெத்தனால் என்று எழுதியிருக்கிறீர்கள். ரசீது இல்லாமல் ரொக்கம் கொடுத்து அதை வாங்குபவர் எங்கே கொண்டுபோகிறார் என்பது உங்களுக்கும் தெரியாது, உங்கள் முதலாளிக்கும் தெரியாது. தின்னருக்குத்தான் போகிறது என்பது அவர் வாயால் சொன்னது மட்டும்தான். டொலுயீன் நாற்றம் இருப்பதால் யாரும் குடிக்க மாட்டார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதும் போதுமான ஆறுதல் அல்ல. தண்ணீர் சேர்த்தால் டொலுயீன் தனி அடுக்காக மேலே வந்துவிடும், மெத்தனால் தண்ணீரோடு கீழே நிற்கும். இதைச் செய்ய வேதியியல் பட்டம் தேவையில்லை.

தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்க, வைத்திருக்க, விற்க மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்ற கணக்கும் வேண்டும். நாளை எங்காவது ஒரு சாவு நடந்து பேரலின் தடம் பிடித்துக் காவல்துறை வந்தால், உங்கள் ஆலையின் மெத்தனால் கணக்கில் உள்ள ஓட்டைக்கு விளக்கமாக அவர்கள் கையில் இருப்பது உங்கள் கையெழுத்திட்ட ‘காலி பேரல்’ கேட் பாஸ்தான்.

அதனால் விற்றுவிட்டால் பொறுப்பு முடிந்தது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவுகள் விதிகளில், மருந்து ஆலைகளின் பயன்படுத்திய கரைப்பான்கள் 28.6 என்ற வரிசையில் பெயர் சொல்லியே பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற ஒருவருக்குத்தான் கொடுக்கலாம், படிவம் 10 என்ற மேனிஃபெஸ்ட்டோடுதான் (கழிவோடு கூடப் போகும் சரக்குச் சீட்டு) லாரி கிளம்ப வேண்டும், பெற்றுக்கொண்டவர் கையெழுத்திட்ட நகல் உங்களுக்குத் திரும்பி வர வேண்டும். அந்த நகல் இல்லாதவரை, கழிவு எங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இல்லை. முறையற்ற கையாளலால் சுற்றுச்சூழலுக்கோ மூன்றாம் நபருக்கோ வரும் சேதத்துக்கு ஆலையைப் பொறுப்பாக்கும் விதியும் அதிலேயே உண்டு. 2024 ஏப்ரல் முதல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் மீறல்களுக்குச் சிறைக்குப் பதில் 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாறியிருக்கிறது. சிலர் இதைக் கேட்டு நிம்மதி அடைகிறார்கள். சாராய வழக்கு அந்தச் சட்டத்தில் வராது. அது மதுவிலக்குச் சட்டமும் குற்றவியல் சட்டமும் சம்பந்தப்பட்டது.

ஒரு விஷயம் கூடவே சொல்லிவிடுகிறேன். உண்மையிலேயே காலியான பேரல்களையும் தண்ணீர் பிடிக்க என்று ஊருக்குள் விற்காதீர்கள். அவையும் அதே விதிகளின் பட்டியலில் இருக்கின்றன. உள்ளே ஒட்டியிருக்கும் கொஞ்சம் டொலுயீன் போதும், கேஸ் கட்டர் வைத்து வெட்டுபவரைத் தூக்கி எறிய.

46 டிகிரி இருந்தும் ஏன் பிரியாது

உங்கள் கணக்கு பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் சரி. தனித்தனியாக இருக்கும்போது அவை 65இலும் 111இலும்தான் கொதிக்கும். சேர்ந்து இருக்கும்போது மெத்தனாலும் டொலுயீனும் ஓர் அசியோட்ரோப்பாக, 64 டிகிரிக்குச் சற்றுக் கீழே ஒன்றாகவே ஆவியாகும். அந்த ஆவியில் எடைக்கணக்கில் ஏறக்குறைய 70 பங்கு மெத்தனால், 30 பங்கு டொலுயீன். எவ்வளவு உயரமான டிஸ்டிலேஷன் கோபுரம் வைத்தாலும் மேலே வருவது இந்தக் கலவைதான். அண்டாவில் வைத்துக் காய்ச்சினால் மெத்தனால் போகும்போது டொலுயீனில் ஒரு பகுதியையும் இழுத்துக்கொண்டு போகும், கீழே மிச்ச டொலுயீன் அழுக்கோடு நிற்கும். மெத்தனால் என்று எழுதி ஒட்டி அடுத்த பேட்சில் ஊற்றினால் வினை ஏன் மாறுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

வழி இருக்கிறது. தண்ணீர் சேர்த்துக் கலக்கி நிற்கவிட்டால் மெத்தனால் தண்ணீருக்குப் போய்விடும், டொலுயீன் மேலே பிரியும். இரண்டு முறை கழுவினால் டொலுயீன் அடுக்கில் மெத்தனால் வெகுவாகக் குறையும். அந்த டொலுயீனைக் காய்ச்சும்போது மிச்சத் தண்ணீர் 85 டிகிரி அளவில் டொலுயீனோடு சேர்ந்து முதலில் வெளியேறும், குளிர்ந்ததும் தானே இரண்டாகப் பிரியும். அதன்பின் வருவது உலர்ந்த டொலுயீன். மெத்தனாலுக்கும் தண்ணீருக்கும் அசியோட்ரோப் இல்லை, ஆகவே நல்ல கோபுரம் ஒன்றில் அவற்றைப் பிரித்துவிடலாம். ஆனால் இப்படிச் செய்தால் உங்கள் கழிவுநீரின் சிஓடி (கரிம மாசின் அளவு) ஏறும் என்பதை இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பாடும் ஏன் என்று யோசித்துப் பார்த்தீர்களா? வினைக்குப் பின் பொருளை வடிகட்டியதும் வரும் திரவம், அதாவது மதர் லிக்கர், டொலுயீன். அதன்பிறகு வரும் கழுவல் மெத்தனால். இரண்டும் சென்ட்ரிஃபியூஜிலிருந்து வேறு வேறு நேரத்தில்தான் வெளியே வருகின்றன. அங்கே ஒரு மூன்று வழி வால்வும் இரண்டாவது தொட்டியும் வைத்தால் பிரச்சினையின் முக்கால்வாசி அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். கேக்கில் (வடிகட்டியில் தங்கும் பொருளில்) ஒட்டியிருந்த டொலுயீன் கொஞ்சம் முதல் கழுவலில் வரும், அந்த முதல் பங்கை டொலுயீன் பக்கமே திருப்பிவிடலாம். கடைசிக் கழுவல் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். அதை அடுத்த பேட்சின் முதல் கழுவலுக்கு அப்படியே எடுக்க முடியுமா என்று ஜிசி பார்த்துச் சோதியுங்கள். காய்ச்சாமலே மிச்சமாகும் சால்வென்ட் அது. சால்வென்ட் மீட்பு என்றதும் எல்லோரும் டிஸ்டிலேஷன் கோபுரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் மீட்பு நடக்கும் இடம் அந்த வால்வுதான்.

உங்கள் தரக்கட்டுப்பாட்டு லேபில் எச்பிஎல்சி என்ற பகுப்பாய்வுக் கருவியிலிருந்து வரும் அசிட்டோநைட்ரைல் சால்வென்ட் சிங்க்கில் போகிறது என்று ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். தண்ணீர் கலந்துதானே இருக்கிறது என்பது காரணம் ஆகாது. கேனில் சேர்த்து, மற்ற கழிவோடு முறையாக அனுப்புங்கள். அதை நீங்களே மீட்டு மறுபடி எச்பிஎல்சிக்கு எடுக்க முயல வேண்டாம். தண்ணீரோடு அதுவும் அசியோட்ரோப்தான், 84 சதவீதத்தோடு நின்றுவிடும். 2008இல் உலகம் முழுக்க அசிட்டோநைட்ரைல் தட்டுப்பாடு வந்தபோது பல லேப்கள் மீட்பைப் பற்றி யோசித்தன, ஆனால் சுலபமாகப் பலன் தந்தது கருவியில் சிறிய பிரிப்புக் குழாய் (column) போட்டு ஓட்டத்தைக் குறைப்பது. அது உங்களுக்கும் சரிப்படும். கண்ணாடிச் சாமான் கழுவும் அசிட்டோனுக்கும் ஒரு வழி உண்டு: முதல் அலசலுக்குப் பழையது, கடைசி அலசலுக்கு மட்டும் புதியது.

அந்த அண்டாவைச் செய்ய விடாதீர்கள்

டொலுயீனின் ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி விடத் தொடங்கும் வெப்பநிலை, 4 டிகிரி, மெத்தனாலுக்கு 11. நம் ஊரில் மார்கழி விடியலில்கூட இரண்டும் தீப்பிடிக்கும் ஆவி விட்டுக்கொண்டுதான் இருக்கும். திரவத்துக்குள் மூழ்கிய மின்சாரக் காயில், மட்டம் இறங்க இறங்க வெளியே தெரியும். அப்போது அது சூடாக்குவது திரவத்தை இல்லை, ஆவியை. மோட்டார் தண்ணீர் நின்று, ஆவியைத் திரவமாக்கும் கண்டன்சர் குளிராமல் போனால் ஆவி அறைக்குள் வரும். பக்கத்தில் சாதாரண சுவிட்ச் ஒன்று இருந்தால் போதும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, உங்கள் பொருள் ஒரு நைட்ரோ சேர்மம் என்று போகிற போக்கில் எழுதியிருப்பது. சால்வென்ட் போகப் போக அடியில் நிற்கும் தாரில் அந்த நைட்ரோ சேர்மமும் அதன் துணைப்பொருட்களும் செறிந்துகொண்டே போகும். ஒரு வெப்பநிலைக்கு மேல் அவை தாமாகவே சிதைந்து இன்னும் சூட்டைக் கிளப்பலாம். அதற்கு வெளியிலிருந்து தீப்பொறி தேவையில்லை. எந்த வெப்பநிலையில் என்பதை டிஎஸ்சி சோதனை (சிறு மாதிரியைச் சூடாக்கி அது விடும் வெப்பத்தை அளப்பது) செய்தால்தான் சொல்ல முடியும். அந்த அறிக்கை கையில் இல்லாமல் இந்த மதர் லிக்கரை யார் சொன்னாலும் காய்ச்சாதீர்கள். அறிக்கை வந்தபின்னும் அடிவரை வற்றவிடக் கூடாது.

தேர்ந்தவர்கள் நடத்தும் இடத்திலும் விபத்து நடக்கிறது. 2020 ஜூலை 13ஆம் தேதி இரவு, விசாகப்பட்டினம் பரவாடாவில் உள்ள பார்மா சிட்டியில் ஒரு சால்வென்ட் ஆலையில் பெருந்தீ பிடித்து ஒரு தொழிலாளி இறந்தார். பட்டறை அண்டாவோடு, தகரக் கொட்டகையில், இரவு ஷிப்ட் ஒற்றை ஆளை வைத்து நீங்கள் இதைச் செய்யக் கூடாது.

உள்ளேயே மீட்பு செய்வதானால் நீராவி அல்லது சூடான எண்ணெய் ஓடும் ஜாக்கெட், நைட்ரஜன், எஃப்எல்பி (பொறி வெளியே பரவாத) மின்சாதனங்கள், குளிர்நீர் நின்றால் சூட்டைத் தானே நிறுத்தும் இன்டர்லாக், ஒவ்வொரு பேரலுக்கும் எர்த் இணைப்பு இவையெல்லாம் இருக்க வேண்டும். டொலுயீன் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. பிளாஸ்டிக் வாளியில் ஊற்றும்போது சேரும் நிலைமின்சாரமே பொறி விடும். அனுமதி எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அதே 2016 விதிகளின் விதி 6இல் கழிவை உண்டாக்குவது, சேமிப்பது போலவே மறுசுழற்சி செய்வதற்கும் மீட்பதற்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. உங்கள் சொந்தச் சரக்கு என்பதால் விலக்கு இல்லை. படிவம் 1இல் விண்ணப்பித்து, ஆலை இயங்க வாரியம் தரும் இசைவாணையிலும் இந்தச் செயல்முறையைச் சேர்க்க வேண்டும். முழுமையான விண்ணப்பத்துக்கு 120 நாளுக்குள் வாரியம் பதில் தர வேண்டும். டொலுயீன் சேமிப்புக்குப் பெட்ரோலியம் சட்டத்தின்கீழ் பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) உரிமம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் 2,000 லிட்டருக்கு இவ்வளவு முதலீடு தேவையா என்றால், தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். அங்கீகாரம் பெற்ற மீட்பு ஆலைகள் கூலிக்குக் காய்ச்சித் தருகின்றன. பிரித்துச் சேர்த்த டொலுயீனையும் மெத்தனாலையும் தனித்தனியாக அனுப்பினால் உங்கள் சரக்கே திரும்பி வரும். அவர்களுடைய அங்கீகாரத்தை நேரில் வாங்கிப் பாருங்கள்: தேதி கடக்கவில்லையா, உங்கள் கழிவின் வகை அதில் இருக்கிறதா, அளவு போதுமா. நைட்ரோ விஷயத்தையும் டிஎஸ்சி அறிக்கையையும் மறைக்காமல் அவர்களிடம் கொடுங்கள். உங்கள் அண்டாவில் நடக்கக்கூடியது அவர்கள் கோபுரத்திலும் நடக்கும்.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. மீட்ட சால்வென்ட் தயாரிப்பின் எந்தப் படியிலிருந்து வந்ததோ அதே படிக்குப் போகட்டும். 2018இல் வால்சார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரையில் என்டிஎம்ஏ என்ற புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு கண்டுபிடிக்கப்பட்டு உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அதைத் தொடர்ந்து நடந்த விசாரணைகளில், பல ஆலைகளின் சால்வென்ட்டை ஒரே கருவியில் மாற்றி மாற்றிக் காய்ச்சும் ஒப்பந்த மீட்பாளர்கள் வழியாகவும் இத்தகைய மாசு பரவலாம் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. ஆகவே கூலிக்குக் கொடுக்கும்போது உங்கள் சரக்கைப் பிறருடையதோடு கலக்க மாட்டோம், கருவியைக் கழுவிய பதிவைத் தருவோம் என்று எழுதி வாங்குங்கள். திரும்பி வந்ததை ஜிசியும் ஈரப்பதமும் பார்க்காமல் ரியாக்டரில் ஏற்றாதீர்கள். உங்களிடம் வாங்கும் மருந்து நிறுவனத்துக்கும் இதைத் தெரிவிக்க வேண்டும். மீட்ட சால்வென்ட்டைத் தரக்கட்டுப்பாட்டோடு பயன்படுத்த மருந்து உற்பத்தி நெறிமுறைகள் அனுமதிக்கின்றன, மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

மீட்க முடியாத தாரையும் கலப்புக் கழிவையும் சிமென்ட் சூளைக்கு எரிபொருளாக அனுப்பலாம், இல்லையென்றால் கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற பொதுக் கழிவு மேலாண்மை மையத்துக்கு. குளோரின் உள்ளவற்றைத் தனியாக வையுங்கள், சூளைக்காரர்கள் அதை விரும்ப மாட்டார்கள்.

உங்கள் கையெழுத்தும் உங்கள் வேலையும்

‘காலி பேரல்’ என்ற கேட் பாஸில் இனி கையெழுத்துப் போடாதீர்கள். பொய் என்று தெரிந்து போடும் கையெழுத்து, முதலாளி சொன்னார் என்பதால் மெய்யாகிவிடாது. கேட்டால் சண்டை போட வேண்டாம். “சார், மெத்தனால் இருக்கு, கள்ளக்குறிச்சிக்கு அப்புறம் எனக்குப் பயமா இருக்கு” என்று நேராகச் சொல்லுங்கள். அதே நாளில் மின்னஞ்சலிலும் சுருக்கமாக எழுதிவிடுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். எத்தனை பேரல், எவ்வளவு நாளாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்ற யோசனையாகவே எழுதுங்கள். கூடவே பணக்கணக்கையும் வையுங்கள். பேரலுக்கு 4,000 என்றால் லிட்டருக்கு 20 ரூபாய். புது டொலுயீனை லிட்டர் என்ன விலைக்கு வாங்குகிறீர்கள், கூலிக்குக் காய்ச்ச எவ்வளவு கேட்கிறார்கள் என்று மூன்று எண்களையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால் பெரும்பாலான முதலாளிகள் உட்கார்ந்து கேட்பார்கள்.

உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால் அதை நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. பழைய தொழிற்சாலைச் சட்டத்திலும் அது இருந்தது, 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும், வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரும்தான் நீங்கள் போக வேண்டிய இடங்கள். ஆனால் உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்: தனியார் ஆலையில் புகார் சொல்பவரைக் காக்க நம்மிடம் வலுவான சட்டம் இல்லை. வேலை போகாது என்று என்னால் உறுதி தர முடியாது. அதனால்தான் முதலில் உள்ளே பேசுங்கள், எழுத்தில் வையுங்கள், வீட்டிலும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள், வேறு வேலைக்கும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள் என்கிறேன். முதலாளி கேட்கவில்லை, லாரி மறுபடி வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். வெளியே போகும் மெத்தனாலைத் தடுக்கக்கூடிய நிலையில் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். இந்தச் சூழலுக்கு வழக்கறிஞர் ஒருவரின் ஆலோசனையும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் வேதிப் பொறியாளன், உங்கள் தனிப்பட்ட பொறுப்பு எவ்வளவு என்பதைப் பத்திரங்களைப் பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும்.

கொட்டகையில் இப்போது கிடப்பவை

கழிவை 90 நாள்தான் வைத்திருக்கலாம். ஆண்டுக்குப் பத்து டன்னுக்குள் உண்டாக்கும் சிறு ஆலைகளுக்கு வாரியம் 180 நாள் வரை நீட்டிப்புத் தரலாம். உங்கள் 2,000 லிட்டர் மாதக் கணக்கு ஆண்டுக்கு 20 டன் அளவுக்கு வருவதால் அந்தச் சலுகையை நம்ப முடியாது. ஒவ்வொரு பேரலிலும் என்ன இருக்கிறது, எந்தத் தேதி என்று லேபிள் ஒட்டிப் படிவம் 3இல் பதியுங்கள். ஜூன் 30க்குள் போகும் ஆண்டறிக்கை இந்தப் பதிவிலிருந்துதான் எழுதப்பட வேண்டும். அந்தக் கலவையில் கை கழுவும் பழக்கத்தையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், மெத்தனால் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும்.

டிஎச்எஃப் பேரல்களை மட்டும் இன்னும் கவனமாகக் கையாள வேண்டும். காற்றும் வெளிச்சமும் பட்டு நாளாக நாளாக அதில் பெராக்சைடு சேரும், காய்ச்சும்போது அடியில் செறிந்து வெடிக்கும். நல்ல நிலையில் இருக்கும் பேரலில் மாதிரி எடுத்துப் பெராக்சைடு சோதனைத்தாளில் பாருங்கள். 100 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 100 பங்குக்கு) மேல் காட்டினால் காய்ச்சவோ, வேறு பேரலுக்கு மாற்றவோ வேண்டாம், கழிவு மேலாண்மை மையத்துக்குச் சொல்லி அவர்கள் ஆலோசனைப்படி செய்யுங்கள். மூடியைச் சுற்றி வெள்ளையாகப் படிகம் தெரிந்தால் மூடியைத் திருகவே கூடாது, பேரலை நகர்த்தவும் கூடாது. அந்தப் பக்கம் ஆள் போகாமல் கயிறு கட்டிவிட்டுப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு உடனே தகவல் கொடுங்கள்.